வீட்டில் கீபோர்டு நன்றாக வாசிக்கும் மகள் இசை பேண்டில் மட்டும் தடுமாறுகிறாள், என்ன செய்யலாம்?

கோவை அம்மா கேட்டது:

என் மகளுக்கு 11 வயது. இரண்டு வருடமாகக் கீபோர்டு படிக்கிறாள், டிரினிட்டி இசைத் தேர்வில் இரண்டாம் கிரேடு முடித்துவிட்டாள். இந்த மே விடுமுறைக்கு எங்கள் பகுதியில் நடக்கும் மூன்று வார இசை முகாமில் சேர்த்தேன். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு பேண்ட். டிரம்ஸ், கிடார், பேஸ் கிடார், பாட ஒரு பையன், கீபோர்டுக்கு இவள்.

முதல் பாட்டில் நான்கே கார்டுதான் (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு): சி, ஜி, ஏ மைனர், எஃப். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறாள். அங்கே போனால் இரண்டாவது சரணத்தில் குழம்பிவிடுகிறாள். ஒரு கார்டு தப்பினால் உடனே நிறுத்தி, அந்த வரியை முதலிலிருந்து எடுக்கிறாள். அதற்குள் மற்றவர்கள் எங்கேயோ போய்விடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரில் வரும்போது என் முதுகில் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தாள். "என்னாலதான் எல்லாரும் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கு" என்கிறாள்.

இன்னும் பிராக்டீஸ் பண்ணச் சொல்கிறார் மாஸ்டர். ஏற்கெனவே தினமும் ஒன்றரை மணி நேரம் உட்காருகிறாள். அறையும் சின்னது. வீட்டுக்கு வந்த பிறகும் டிரம்ஸ் சத்தம் காதில் 'கொய்'யென்று கேட்கிறதாம். நிறுத்திவிடலாமா?

மதுரை கீபோர்டு எழுதியது:

நிறுத்திவிடாதீர்கள் அம்மா. மெல்லிசைக் குழுவில் 22 வருடம் வாசித்திருக்கிறேன். இப்போது கோடையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். உங்கள் மகள் மாதிரி ஒரு பிள்ளையாவது எனக்கு வருடா வருடம் வரும். பெரும்பாலும் நன்றாக வாசிக்கிற பிள்ளையாகத்தான் இருக்கும்.

தப்பினால் நின்று திருத்து என்றுதான் தனி வகுப்பில் பழக்குகிறோம். பேண்டில் பாட்டு யாருக்காகவும் நிற்காது. 100 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 100 தட்டு, நான்கு தட்டு உள்ள ஒரு பார் 2.4 நொடியில் முடிந்துவிடும். தப்பிய கார்டைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த பார் வந்துவிடும். கோயில் கொடை மேடையில் பாடகர் சரணத்தை அரைப் பார் முன்னாலேயே எடுத்துவிடுவார், நாங்கள் எட்டுப் பேரும் அவரோடு தாவிவிடுவோம். முன்னால் உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்குத் தெரியவே தெரியாது. தப்பினால் கையை எடுக்க வேண்டும், காதைக் கொடுக்க வேண்டும், அடுத்த பாரின் 'ஒன்று', அதாவது முதல் தட்டு, வரும்போது சேர்ந்துகொள்ள வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். முகாமில் அவர்கள் வாசிப்பதை போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். அதை ஓடவிட்டு அவளைக் கூடவே வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் திடீரென்று "கையை எடு" என்று சொல்லுங்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கட்டும். கொஞ்சம் கழித்து "சேர்ந்துக்கோ" என்றால், எந்த இடம் என்று காதால் கண்டுபிடித்து அவளே நுழைய வேண்டும். தினமும் பத்து நிமிடம் போதும். ஒன்றரை மணி நேரம் தனியாக வாசிப்பதை விட இதுதான் இப்போது அவளுக்குத் தேவை.

அப்புறம், இரண்டு கையாலும் முழுப் பாட்டையும் வாசிக்கிறாளா? தனியாகப் படித்த பிள்ளைகள் அப்படித்தான் செய்யும். மெலடியைப் பாடுகிற பையன் பார்த்துக்கொள்வான், கீழ் ஸ்வரத்தை பேஸ் கிடார் பிடித்துக்கொள்ளும். அதனால் இடது கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். வலது கையில் பாருக்கு ஒரு கார்டு, அழுத்திப் பிடித்தால் போதும். அந்த நான்கு கார்டையும் சி-ஈ-ஜி, பி-டி-ஜி, சி-ஈ-ஏ, சி-எஃப்-ஏ என்று எடுத்தால் கை இருந்த இடத்தை விட்டு நகரவே வேண்டாம். கண் கட்டையிலிருந்து மேலே வரும். அந்தக் கண்ணால் டிரம்ஸ் பையன் ஹை-ஹாட்டை (ஜோடித் தட்டுகளை) அடிக்கிற கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவனை நேராகப் பார்க்கிற மாதிரி ஸ்டாண்டைத் திருப்பி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

டிரம்ஸ் பையனின் அப்பா எழுதியது:

காது விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சத்தம் அளவுக்கு மீறினால் அப்படிக் கேட்கும். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்கிற நியோஷ் அமைப்பு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் எல்லை என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். சின்ன அறையில் டிரம் செட் அதை எளிதாகத் தாண்டும். பெரியவர்களுக்கே அப்படி என்றால் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மகனும் டிரம்ஸ்தான். அவன் படிக்கிற இடத்தில் இதைக் கேட்டபோது முதலில் முகம் சுளித்தார்கள். நாங்களே காலால் அடிக்கிற கிக் டிரம்முக்குள் ஒரு பழைய போர்வையை வைத்தோம், குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த ராட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. ஐந்து பிள்ளைகளுக்குமே காதடைப்பான் வேண்டும், டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு முதலில். இரண்டு நாளில் அந்தச் சத்தம் போகாவிட்டால் காது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கோவை அம்மா எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. போர்வை வைத்தாயிற்று. மற்ற பெற்றோர்களிடம் பேசி ஐந்து பேருக்கும் காதடைப்பான் வாங்கிவிட்டோம். 'கொய்' சத்தம் இப்போது இல்லை என்கிறாள்.

"கையை எடு" விளையாட்டை நான்கு நாளாகச் செய்கிறோம். முதல் நாள் அவளால் உள்ளே நுழையவே முடியவில்லை, கோபத்தில் கீபோர்டை அணைத்துவிட்டாள். நேற்று நான் சொல்லாமலேயே அவளாகக் கையை எடுத்து எடுத்துச் சேர்ந்துகொண்டிருந்தாள். இன்று முகாமில் கிடார் பையன் தப்பியபோது, "அடுத்த ஒன்றுல வா" என்று தலையாட்டிக் காட்டினாளாம். இதை ஸ்கூட்டரில் மூன்று தடவை சொன்னாள்.

இரண்டாவது பாட்டு ஆறு-எட்டு தாளமாம், ஒரு பாருக்கு ஆறு எண்ணிக்கை. அதில் ஒன்று எங்கே என்று பிடிக்க முடியவில்லை என்கிறாள்.

மதுரை கீபோர்டு எழுதியது:

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது அம்மா. ஆறையும் எண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். தகிட தகிட என்று வாயால் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு 'த'வுக்கும் காலைத் தட்டட்டும். ஒரு பாருக்கு இரண்டே தட்டு, அதில் முதல் தட்டுதான் அவள் தேடுகிற ஒன்று. கீபோர்டைத் தொடாமல் வீட்டுக்குள் அப்படியே நடந்து பழகட்டும். அது வந்த பிறகு கார்டு பிடிக்கலாம்.