பணியாளர் சலுகைச் சீட்டில் விமானப் பயணம்: அப்பாவின் வேட்டியை ஏற்பார்களா?

பாம்பன் ஆசிரியை கேட்கிறார்:

வணக்கம். என் தங்கை வளைகுடா நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். பணியாளரின் பெற்றோருக்கு நிறுவனம் தரும் சலுகைச் சீட்டில், வரும் தை மாதம் அப்பாவையும் அம்மாவையும் தன்னிடம் அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறாள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். சீட்டுடன் ஒரு பக்க அளவுக்கு உடை விதியையும் அனுப்பியிருக்கிறாள். கிழிசல் வைத்த ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, இரவு உடை, உடற்பயிற்சி உடை, ரப்பர் செருப்பு ஆகியவை கூடாது என்றும், ஆண்கள் காலர் வைத்த சட்டையும் முழுக்கால் சட்டையும் அணிய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வேட்டியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அப்பாவுக்கு 71 வயது. நாட்டுப்படகிலும் பிறகு விசைப்படகிலுமாக ஐம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் கடலுக்குப் போனவர். கடலில் டவுசர், வீட்டில் கைலி, வெளியே எங்கே போனாலும் வெள்ளை வேட்டி. என் திருமணத்துக்கும் அதுதான், கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனபோதும் அதுதான். தங்கை வாங்கி அனுப்பிய பேண்டை ஒருமுறை போட்டுப் பார்த்தார். திண்ணையில் சம்மணமிட்டு உட்காரப் பார்த்து, முடியாமல் எழுந்து, கழற்றி மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, "பெத்த பிள்ளையப் பாக்கப் போறதுக்கு நான் வேற ஆளா மாறிப் போகணுமா?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்குச் சேலை என்பதால் கவலை இல்லை.

விமான நிலையம் வரை போய், உடையைக் காரணம் காட்டி அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டால் அவர் அதை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார். இப்படிப் பெற்றோரை அனுப்பியவர்களோ, இந்தத் துறையில் இருந்தவர்களோ வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கீழக்கரையிலிருந்து, பணி ஓய்வு பெற்றவர்:

ஆசிரியை அவர்களுக்கு, நான் வளைகுடாவில் 19 ஆண்டுகள் விமானப் பயணிகள் முகப்பில் இருந்தவன். உங்கள் தந்தையைப் போன்றவர்களுக்குச் சீட்டு அடித்துக் கொடுத்த கை இது. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்த விதி யாருக்கு, ஏன் என்பது புரிய வேண்டும். முழுக் கட்டணம் கொடுத்து வருகிறவரை வேட்டிக்காகவோ கைலிக்காகவோ யாரும் நிறுத்துவதில்லை. சலுகைச் சீட்டில் வருகிறவரை மட்டும் நிறுவனம் தன் குடும்பத்து ஆளாகக் கணக்கில் வைக்கிறது. அவர் எப்படி வருகிறாரோ அப்படித்தான் நிறுவனமும் மற்றப் பயணிகளின் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம். இன்னொரு காரணமும் உண்டு, அதை விதித்தாளில் எழுதமாட்டார்கள். சலுகைச் சீட்டு பெரும்பாலும் ஸ்டாண்ட்பை என்கிற காத்திருப்புச் சீட்டு. காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறி முடிந்து, முகப்பை மூடிய பிறகுதான் மிச்சம் இருக்கும் இருக்கை இவர்களுக்குக் கிடைக்கும். சில நாள் பின்பகுதி நிரம்பிவிடும், முன்பக்கத்து வணிக வகுப்பில் மட்டும் இரண்டு இருக்கை மிஞ்சும். அங்கே யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்கிற நேரத்தில் உடையையும் பார்ப்பார்கள். முற்காலத்தில் முதல் வகுப்பில் உட்கார வேண்டுமானால் ஆண் பணியாளர் கோட்டும் டையும் போட்டாக வேண்டும் என்றே பல நிறுவனங்கள் வைத்திருந்தன; இன்றைய விதிகள் அதிலிருந்து தளர்ந்து வந்தவைதான்.

இப்போது வேட்டி. நான் வேலை பார்த்த இடத்தில், அந்தந்த நாட்டு மரபு உடைக்குத் தடை இல்லை என்று தனியாக ஒரு வரி இருந்தது. அரபு நாட்டார் கந்தூரா என்கிற நீண்ட அங்கி போட்டு வருகிற இடத்தில் அப்படி ஒரு வரி இல்லாமல் முடியாது. என் வாப்பாவே வெள்ளைச் சாரமும் முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாக என் சீட்டில் மூன்று முறை வந்து போனார். ஆனால் எல்லா நிறுவனத்திலும் அந்த வரி இருக்கும் என்று எண்ணிப் புறப்பட வேண்டாம். முகப்பில் நிற்பவர் வேறு ஊர்க்காரராக இருந்தால், வெள்ளை வேட்டிக்கும் வீட்டில் கட்டும் கைலிக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியாது. ஆகவே உங்கள் தங்கை தன் நிறுவனத்தின் பணியாளர் பயணப் பிரிவுக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் எழுதி, வேட்டியின் படத்தையும் இணைத்து, எழுத்தில் பதில் வாங்கட்டும். அந்தப் பதிலை அச்செடுத்து உங்கள் தந்தையின் சட்டைப்பையில் வையுங்கள். முகப்பில் வாய்ப்பேச்சைவிடத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

இனிச் சொல்வதை மிகவும் கவனிக்க வேண்டும். முகப்பில் தகராறு ஏற்பட்டால் அது உங்கள் தந்தையோடு முடியாது. சலுகை உங்கள் தங்கையின் பெயரில் இருப்பதால், அதை நிறுத்தி வைக்கவும் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவும் நிறுவனத்துக்கு இடம் உண்டு. என்ன சொன்னாலும் அமைதியாக நின்று, "என் மகளிடம் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

பச்சை பெல்ட்டைப் பற்றியும் எழுத வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் வேட்டிக்கு மேல் காசுப்பை வைத்த அகலமான பச்சை பெல்ட் கட்டுவார்கள். பாதுகாப்புச் சோதனையில் அதைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்து மேடையில் நிற்கும்போது வேட்டி நழுவப் பார்த்து, ஒரு முதியவர் பதறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று அவர் முகம் போன போக்கு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. பெல்ட் வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் வேட்டி கடையில் கிடைக்கிறது. அதைக் கட்டி, உள்ளே டவுசரும் போட்டுக்கொண்டால் பயமில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து:

மேலே பெரியவர் எழுதியது அத்தனையும் பயனுள்ளது. ஆனாலும் இந்த விதிகள் மேல் எனக்கு இருக்கும் மனத்தாங்கலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கணவரின் தம்பி ஒரு விமான நிறுவனத்தில் இருக்கிறார். அவர் கொடுத்த சீட்டில் நானும் என் பதினான்கு வயது மகளும் சென்னையிலிருந்து போனோம். மகள் முழங்கால் வரை வரும் டாப்ஸும் லெகின்ஸும் போட்டிருந்தாள். பள்ளி விட்டால் எல்லாப் பிள்ளைகளும் போடுவதுதான். முகப்பில் இருந்த பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதை மாற்றிக்கொண்டு வந்தால் சீட்டு தருகிறேன்" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பையில் என்னுடைய சுடிதார் பேண்ட் ஒன்று இருந்தது. அதைக் கழிவறையில் போட்டு, இடுப்பில் இரண்டு ஊக்குக் குத்திக்கொண்டு வந்த பிறகுதான் விட்டார்கள். இருக்கையில் உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் அவள் என்னோடு பேசவில்லை.

2017 மார்ச்சில் அமெரிக்காவில் டென்வரிலிருந்து மினியாபொலிஸ் போக வேண்டிய யுனைடெட் விமானத்தில், சலுகைச் சீட்டில் வந்த இரண்டு இளம்பெண்களை லெகின்ஸுக்காக ஏறவிடாமல் நிறுத்தியது உலகம் முழுவதும் பேச்சானது. காசு கொடுத்து வருகிறவர்கள் லெகின்ஸ் போடலாம், சலுகைச் சீட்டில் வருகிறவர்களுக்குத்தான் தடை என்று அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கோ நடந்தது என்று நினைத்தேன். என் பிள்ளைக்கு நடந்தபோதுதான் அதன் வலி புரிந்தது. சுத்தமாக வா என்று கேட்பது நியாயம். ஆனால் எது கண்ணியம் என்று முகப்பில் நிற்கும் ஒருவர் அந்த நிமிடத்தில் முடிவு செய்வதும், அதில் பெண் பிள்ளைகளே அதிகம் மாட்டிக்கொள்வதும் நியாயமில்லை.

ஆசிரியை அவர்களே, எது எப்படி இருந்தாலும் ஒரு மாற்று உடையைக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டியை முகப்பில் போட்டுவிட்டால் பிறகு எடுக்க முடியாது.

இராமநாதபுரத்திலிருந்து, வழக்கறிஞர்:

வேட்டிக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். 2014 ஜூலையில், சென்னையில் ஒரு மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போன உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அதைத் தொடர்ந்து அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டி அணிந்து வருபவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம் என்று அது சொல்கிறது. அந்தச் சட்டம் வந்த நாளில் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆயினும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு விமான நிலைய முகப்புக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. அது மன்றங்கள், அரங்குகள் போன்ற இடங்களின் வாசலை நினைத்து எழுதப்பட்டது. உங்கள் தந்தையை விமான நிலையத்துக்குள் வரவிடாமல் யாரும் தடுக்கப்போவதில்லை; சலுகை விலைக்கு ஒத்துக்கொண்ட நிபந்தனையை நிறைவேற்றினாரா என்றுதான் கேட்பார்கள். அந்த நிபந்தனை உங்கள் தங்கைக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பணி ஒப்பந்தத்தைச் சேர்ந்தது. உறுதியான சீட்டு வைத்திருப்பவரை ஏற்ற மறுத்தால் இழப்பீடு தர வேண்டும் என்ற விமானப் போக்குவரத்து விதியும் காத்திருப்புச் சீட்டுக்குத் துணை வராது. கீழக்கரைப் பெரியவர் சொன்ன மின்னஞ்சல் வழியே சிறந்த வழி.

பாம்பன் ஆசிரியை மீண்டும்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. தங்கச்சிமடத்துச் சகோதரியின் மகளை நினைத்து மனம் கனத்துப்போனது.

தங்கை எழுதிக் கேட்டாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மரபு உடை ஏற்கப்படும், வெள்ளை வேட்டிக்குத் தடை இல்லை, காலர் வைத்த சட்டை கட்டாயம், காலணிக்குப் பின்வார் இருக்க வேண்டும் என்று நான்கு வரியில் எழுதியிருக்கிறார்கள். அச்செடுத்து நெகிழி உறையில் போட்டு வைத்துவிட்டேன். அப்பாவிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டியபோது, "வேட்டினு போட்ருக்கானா?" என்று கேட்டு, ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

செருப்புதான் கொஞ்சம் சிரமம் கொடுத்தது. உப்புத் தண்ணீரிலேயே கிடந்த கால் என்பதால் பாதம் அகன்று, குதிகால் வெடித்திருக்கிறது. மூடிய ஷூ எதுவும் ஏறவில்லை. ராமநாதபுரத்தில் நான்கு கடை ஏறி, பின்னால் வார் வைத்த அகலமான தோல் செருப்பு ஒன்று வாங்கினோம். தினமும் மாலையில் அதைப் போட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் வரை நடந்து வருகிறார். ஒட்டு வேட்டியும் வாங்கிவிட்டோம். ராமேசுவரத்தில் இரவு வண்டி ஏறிச் சென்னைக்குப் போவதால், வண்டியில் கைலியோடு படுத்துவிட்டு, காலையில் இறங்கியதும் உறவினர் வீட்டில் குளித்து வேட்டி கட்டுவதாக ஏற்பாடு. சகோதரி சொன்னபடி அந்தப் பேண்டும் கைப்பையில் இருக்கும். அதற்கு மட்டும் அப்பா இன்னும் வாய் திறந்து சம்மதம் சொல்லவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. தோளில் துண்டு போடாமல் அப்பா தெருவில் இறங்கமாட்டார். அதற்கு ஏதாவது சொல்வார்களா?

கீழக்கரையிலிருந்து, பணி ஓய்வு பெற்றவர்:

துண்டுக்கு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சலவை செய்த வெள்ளைத் துண்டாக இருக்கட்டும். முகப்பில் நிற்கும்போது மடித்துத் தோளில் போட்டுக்கொள்ளட்டும், சோதனையில் மட்டும் தட்டில் வைக்கச் சொல்வார்கள். விமானத்தில் குளிர் அதிகம், காத்திருப்புச் சீட்டில் கடைசியில் ஏறுகிறவர்களுக்குப் போர்வை சில சமயம் கிடைக்காது. அந்தத் துண்டு அப்போது உங்கள் அம்மாவுக்கும் உதவும்.