காயலில் சடங்கு இல்லை, கடலில் உண்டு: அதனால் பயம்தான் மூலமா?

மாலைவெயில்: "பயம் போனால் சடங்கும் போய்விடும்" என்று கடலோடி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. காட்டிய ஆதாரம் ஒன்றே ஒன்று: பாப்புவா நியூ கினியின் டிரோப்ரியாண்ட் தீவுக்காரர்கள் காயலில் மீன் பிடிக்க மந்திரச் சடங்கு செய்யவில்லை, கடலுக்குப் போகும்போது செய்தார்கள். ஒரு தீவை வைத்து மனித குலத்துக்கே தீர்ப்பா? என் அப்பா தனக்கு எந்தச் சடங்கும் வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்படியே செய்தோம். வந்தவர்களுக்கு எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்றே தெரியவில்லை. "இன்னும் முடியாத மாதிரியே இருக்கு" என்று அம்மா இன்றும் சொல்கிறார். இதில் பயம் எங்கே?

கடலோடி: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லை. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் இரண்டு முறை அங்கே போய்த் தங்கி எழுதியது இது. காயலில் திறமை போதும், மந்திரம் இல்லை. கடலில் உயிருக்கே உத்தரவாதம் இல்லை, மந்திரம் உண்டு. அதே ஆட்கள், அதே தொழில். காயலில் ஏன் இல்லை?

நெல்லிக்கனி: இருவரும் எதைச் சடங்கு என்கிறீர்கள்? கை குலுக்குவதும் பதவிப் பிரமாணமும் சேருமா? அதை முதலில் பேசலாமே.

மாலைவெயில்: அதே மாலினோவ்ஸ்கி அதே தீவின் தோட்டங்களையும் அங்கே செய்யும் மந்திரங்களையும் பற்றி 1935இல் இரண்டு தொகுதிகள் எழுதினார். கிழங்குத் தோட்டத்தில் யார் மூழ்கிச் சாகிறார்கள்?

கடலோடி: மழை பொய்த்தால் பட்டினி. அதுவும் பயம்தான். 1948இல் உளவியலாளர் ஸ்கின்னர் 8 புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி கிடைக்கும்படி வைத்தார். 6 புறாக்கள் ஆளுக்கொரு அசைவைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வட்டமடித்தது, இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை முட்டியது. தன் கையில் இல்லாததை இருப்பதாக நினைப்பதுதான் சடங்கு. காயலில் அந்தத் தேவை இல்லை.

ஏழாம்படி: புறாவுக்கு இருந்தது பசி, பயம் இல்லை. 1939இலேயே இன்னொரு மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் மாலினோவ்ஸ்கியின் வாதத்தைத் திருப்பிப் போட்டார். சடங்கும் அதைச் சுற்றிய நம்பிக்கையும் இல்லையென்றால் அந்தப் பதற்றமே வந்திருக்காது என்றார். இதை மட்டும் எப்போதும் விட்டுவிடுவீர்கள்.

கடலோடி: விடவில்லை. 1941இல் சமூகவியலாளர் ஹோமன்ஸ் இரண்டையும் சேர்த்தே பார்த்தார். முதலில் ஒரு பயம், அதிலிருந்து சடங்கு, சடங்கில் பிசகினால் இரண்டாவது பயம். எது முதலில் வந்தது என்று பாருங்கள். காயலுக்குத்தான் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஏழாம்படி: பதில் சொன்னால் இருக்க விடுகிறீர்களா? போன மாதம் என் பதிவைத் தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று புகார் செய்து நீக்க வைத்தது யார்?

கடலோடி: நான் இல்லை. நானாகவே இருந்தாலும் அது நீக்க வேண்டிய பதிவுதான். பாதிக்கு மேல் என்னைத் திட்டியிருந்தீர்கள்.

ஏழாம்படி: ஆக, நீங்கள்தான்.

மாலைவெயில்: உங்கள் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள். கடலோடி, பயப்பட வேண்டியதெல்லாம் அப்பா போன அன்றே நடந்து முடிந்துவிட்டது. அப்புறமும் அம்மா எதைத் தேடுகிறார்?

கடலோடி: அது தனிப்பட்ட அனுபவம். நான் கேட்டது காயலைப் பற்றி.

மாலைவெயில்: நானும் அம்மாவைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டேன்.