வாக்கியம் பார்க்கிறவன் ஜோதிடனே இல்லையாம்!

சோழிப்பை:
நேற்று ஒரு யூடியூப் ஜோதிடர், இன்றைய வானியல் கணக்கை வைக்கிற திருக்கணிதக்காரர், பேசியதைக் கேட்டு எனக்குத் தூக்கம் போச்சு. சனி 2025 மார்ச் 29லேயே மீனத்துக்குப் போய்விட்டாராம், 2026 மார்ச் 6 வரை அவரைக் கும்பத்திலேயே உட்கார வைத்த வாக்கியக்காரர்கள், அதாவது பழைய மனப்பாட வாய்பாட்டை வைத்துக் கணிக்கிற நாங்கள், ஜோதிடர்களே இல்லையாம், மக்களை ஏமாற்றினார்களாம். அப்படியென்றால் திருநள்ளாறும் ஏமாற்றியதா? எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான், பெயர்ச்சி 2026ல்தான் என்று கோயில் தரப்பிலேயே முன்கூட்டிச் சொன்னார்களே.
நான் பெரியப்பாவிடம் உட்கார்ந்து கற்றவன். முதல் வருஷம் முழுக்க ஒருவருக்கும் பலன் சொல்ல விடவில்லை. சூரிய உதயத்திலிருந்து பிறந்த நேரம் வரை உதயாதி நாழிகை எடு, லக்னம் போடு, பிறப்பதற்குள் கழிந்த கர்ப்பச்செல் நீக்கி மீதி தசா இருப்பு எடு, ஒரு விநாடி தப்பினாலும் தாளைக் கிழித்துப் போட்டுத் திரும்ப ஆரம்பி. இவ்வளவுதான் பாடம். பொத்தானைத் தட்டி நாற்பது பக்கம் அச்செடுக்கிற ஆள் என்னை ஜோதிடன் இல்லை என்கிறார்.

கணிதக்கிறுக்கன்:
பெரியப்பா கதை அருமை. கேள்வி அது இல்லை. 2025 ஏப்ரலில் சனி எங்கே இருந்தார்? கும்பமா, மீனமா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

சோழிப்பை:
கும்பம்.

கணிதக்கிறுக்கன்:
வானத்தில் மீனம்.

சோழிப்பை:
வானத்தில் நீர் பார்த்தீரோ? அந்த மார்ச் 29 அமாவாசை. சனி சூரியனுக்கு ஏறக்குறைய பதினைந்து பாகைக்குள் அஸ்தங்கதத்தில் கிடந்தார். கண்ணுக்கே தெரியாத கிரகத்தைக் கோடு தாண்டியதாகப் பார்த்தேன் என்கிறீர். கும்பத்துக்கும் மீனத்துக்கும் நடுவில் ஆகாயத்தில் வரப்பு போட்டிருக்கிறதா? அந்தக் கோட்டை நீங்கள் போடுவது லஹிரி அயனாம்சத்தை, அதாவது ராசிகள் எங்கே தொடங்குகின்றன என்று காட்டும் திருத்தப் பாகையை வைத்து. 1952ல் மத்திய சர்க்கார் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டியைச் சீர்திருத்த ஒரு கமிட்டி போட்டது. 1956 மார்ச் 21க்கு 23 பாகை 15 கலை என்று நிர்ணயித்தது அந்தக் கமிட்டி. சாகா இயற்பியல்காரர், ஜோதிடர் இல்லை. கமிட்டி போட்ட கணக்கு உமக்கு ரிஷிவாக்கு, வரருசி பெயரில் வழிவழியாக வந்த வாக்கியம் மட்டும் ஏமாற்று!

கேபி_மாணவன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கேபி முறையின் கிருஷ்ணமூர்த்தி அயனாம்சம் லஹிரியை விட ஆறு கலை போலக் குறைவு, அதனால் பெயர்ச்சி ஒரு நாள் முன்னாடியே வந்துவிடும். ராமன் அயனாம்சம் போட்டால் பத்து நாளுக்கும் மேல் முன்னாடி. அதனால் மார்ச் 29ம் முழுக்கச் சரியில்லை. பெயர்ச்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால்...

கணிதக்கிறுக்கன்:
கேபி தம்பி, கொஞ்சம் சும்மா இருங்கள். பத்து நாள் சண்டை வேறு, பதினோரு மாதச் சண்டை வேறு. சோழிப்பை ஐயா அயனாம்சத்துக்குப் பின்னால் ஒளிகிறார். சனி எங்கே?

சோழிப்பை:
கும்பம் என்று சொன்னேனே. காது கேட்கவில்லையா?

மகள்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் பெண் போன ஐப்பசியில் பிறந்தாள். ஒரு ஜோதிடர் சதயம், ராகு தசை என்று எழுதித் தந்தார். இன்னொருவர் பூரட்டாதி, குரு தசை என்கிறார். சனியும் ஒருவர் கட்டத்தில் கும்பம், இன்னொருவர் கட்டத்தில் மீனம். எதை வைத்துக்கொள்வது?

கணிதக்கிறுக்கன்:
பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன்! வாக்கியச் சந்திரன் அமாவாசை, பௌர்ணமியில் ஓரளவு ஒத்துப்போவார், அஷ்டமி பக்கம் வந்தால் ஒரு பாகைக்கு மேலேயே தள்ளிப் போவார். பிறக்கும்போது சந்திரன் நட்சத்திரத்தில் எங்கே நிற்கிறார் என்பதை வைத்துத்தான் தசைக் கணக்கு. சுக்கிர தசை 20 வருஷம், ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. ஒரு பாகை தப்பினால் தசை ஒன்றரை வருஷம் தள்ளும். கல்யாணம் எப்போது என்று கேட்டு வருகிறவனுக்கு ஒன்றரை வருஷம் தள்ளிச் சொல்கிறீர்கள். அதற்குத் தட்சிணை வேறு.

சோழிப்பை:
தட்சிணை பேச்சு எதற்கு இப்போது? நான் வெற்றிலை பாக்கில் வைத்ததை எடுத்துக்கொள்கிறவன். ஐம்பது ரூபாயும் வாங்கியிருக்கிறேன், ஒன்றுமே இல்லாமலும் பார்த்திருக்கிறேன். உம்முடைய பக்கத்தில் 'விரைவுப் பலன், இரட்டைக் கட்டணம்' என்று போட்டிருக்கிறது, எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆயுள் கேட்டு வருகிறவர்களிடம் வாயைத் திறக்காதே என்பது எங்கள் பெரியப்பா போட்ட விதி. நீர் சாவைக் குறிக்கிற மாரகாதிபதி தசையைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறீர், அந்தக் குடும்பம் எங்களிடம் வந்து அழுகிறது.
கணக்கையும் பேசுவோம். ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் எழுதி 1825ல் மதராசில் அச்சான காலசங்கலிதத்தைப் புரட்டிப் பாரும். ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டை மட்டும் கொண்டு அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, பென்சில் இல்லை. நான் இந்தப் பெயர் வைத்துக்கொண்டதே அதனால்தான்.

கணிதக்கிறுக்கன்:
படித்திருக்கிறேன். ஆரம்பத்தில் 4 நிமிஷம் பிழை, நடுவில் 23, முடிவில் 52. அந்த 52 நிமிஷத்தை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

சோழிப்பை:
சோழியை வைத்து 4 நிமிஷத்துக்குள் கிரகணத்தைப் பிடித்தவனை விட்டுவிட்டு 52ஐப் பிடித்துத் தொங்குகிறீர். மின்சாரம் போனால் உமக்கு லக்னம் போட வருமா?

கணிதக்கிறுக்கன்:
கைபேசிக்கு மின்கலம் இருக்கிறது. முடிவில் 52 நிமிஷம்.

பகுத்தறிவு_பாண்டி:
இரண்டு பேருமே தோற்ற கதை ஒன்று இருக்கிறது. வானியற்பியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை வைத்தது. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரண்டு வகை ஜாதகங்களைக் கலந்து ஆளுக்கு 40 கொடுத்தார்கள். பதில் அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி 46 சதவீதம். பூவா தலையா போட்டாலே 50 வரும். சனி கும்பத்தில் இருந்தால் என்ன, கும்பகோணத்தில் இருந்தால் என்ன?

சோழிப்பை:
அவர்கள் எல்லாரும் எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டீரா? வாக்கியக்காரன் ஒருவனாவது இருந்தானா அதில்? ஜாதகத்தைத் தபாலில் அனுப்பிப் பதில் வாங்குவது பலன் சொல்வது ஆகாது. வருகிறவன் எந்தத் திசையில் உட்காருகிறான், முதல் வார்த்தை என்ன பேசுகிறான், வாசலில் என்ன சத்தம் கேட்கிறது, இதெல்லாம் நிமித்தம். பாதி பலன் அதில்தான் இருக்கிறது.

பகுத்தறிவு_பாண்டி:
அதாவது ஆளைப் பார்த்துச் சொல்கிறீர்கள். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்.

கணிதக்கிறுக்கன்:
ஐயா சொந்தக் கோலிலேயே பந்தை அடித்துவிட்டார். நிமித்தத்தில்தான் பாதி பலன் என்றால் வாக்கியம் எதற்கு?

மகள்_அம்மா:
சதயமா பூரட்டாதியா, யாராவது சொல்ல முடியுமா? பள்ளியில் சேர்க்கும் முன் பெயர் வைக்க வேண்டும்.

கேபி_மாணவன்:
பிறந்த நேரம் நிமிஷம் வரைக்கும் சரியாக இருக்கிறதா அம்மா? மருத்துவமனையில் எழுதுகிற நேரம் பெரும்பாலும்...

சோழிப்பை:
தம்பி, இங்கே ஜாதகம் பார்க்காதே. பொதுவில் குழந்தை ஜாதகத்தை அலசுவது பாவம். அம்மா, உங்கள் குலத்தில் எந்தப் பஞ்சாங்கமோ அதுதான் உங்களுக்கு. முடிந்தது.

கணிதக்கிறுக்கன்:
குலத்துக்கு ஒரு சந்திரனா? சரிதான்! போன வருஷமும் இதே மாதிரி பேசிவிட்டுத்தான் ஓடினீர்கள்.

சோழிப்பை:
ஓடினேனா? என் அக்காள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், அதை ஓட்டம் என்று நான்கு குழுவில் எழுதியவர் நீர்தானே. மறக்கவில்லை. வாரும், இப்போதே ஒரு பந்தயம். நடுவர் ஒரு பிறந்த நேரம் தரட்டும். காகிதமும் பென்சிலும் மட்டும். லக்னம், நவாம்சம், தசா இருப்பு. யார் முதலில் முடிக்கிறாரோ அவர் ஜோதிடர்.

கணிதக்கிறுக்கன்:
ஆடி முடியட்டும், பார்க்கலாம்.

பகுத்தறிவு_பாண்டி:
பந்தயத்துக்குமா ஆடி!

சோழிப்பை:
உமக்கென்ன சிரிப்பு? உம்முடைய பெண் கல்யாணப் பத்திரிகையில் 'சுபயோக சுபதினத்தில்' என்று அச்சடித்திருந்ததே, முகூர்த்தம் குறித்தது யார்?

பகுத்தறிவு_பாண்டி:
என் மாமியார்.

சோழிப்பை:
எந்தப் பஞ்சாங்கத்தில்?