படத்துக்கான போலி ரத்தக் கலவை வெள்ளைச் சட்டையில் ரோஸாகிறது, வழி சொல்லுங்கள்

அமெரிக்க மலிவு பட்ஜெட் திகில் பாணியில் ஒரு வண்ணக் குறும்படம். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) கறுப்பு வெள்ளை, சாக்லேட் சிரப்பே ரத்தமானது. இங்கே அந்தக் குறுக்குவழி இல்லை. 'பிளட் ஃபீஸ்ட்' (1963) மாதிரி பளீர்ச் சிவப்புதான் வேண்டும்.

இப்போதைய அளவு: சோளச் சிரப் 1 கப், தண்ணீர் 3 மேசைக்கரண்டி, சிவப்பு ஃபுட் கலர் 2 தேக்கரண்டி, நீலம் 3 சொட்டு, வெந்நீரில் கரைத்த கோகோ 1 மேசைக்கரண்டி. கோகோ இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும்.

தோலில் அருமை. பருத்தியில்தான் தகராறு: சிரப் மேலேயே நிற்க, சாயத் தண்ணீர் மட்டும் முன்னால் ஓடி ஓரம் வெளிறுகிறது. பாத்திர சோப்பு திரவம் சில சொட்டு விட்டால் சீராக ஊறுகிறது, ஆனால் வாயில் வைக்க முடியாது.

வாய்க்கும் சட்டைக்கும் ஒரே கலவை சாத்தியமா? தண்ணீரைக் குறைத்துச் சோளமாவுக் கஞ்சி சேர்த்தவர்கள் உண்டா? எல்இடி வெளிச்சத்தில் நிறம் மாறாமல் இருக்க நீலத்துக்குப் பதில் பச்சை போடலாமா? அளவோடு சொன்னால் நல்லது.