புதுப்பிப்பு: காயில் வரி மங்கியது நோயா?

ஓசூரில் மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் சென்டென்னியல் கும்குவாட் (குட்டி ஆரஞ்சு போன்ற பழச்செடி; இலையிலும் காயிலும் வரி உள்ள ரகம்) பற்றி முன்பு கேட்டிருந்தேன். காயில் பச்சை மஞ்சள் வரி மங்குகிறது, ஒரு கிளை முழுப் பச்சையாக வருகிறது, என்ன செய்வது என்று.

வரி மங்கியது நோயில்லை, பழுக்கிறது, அவ்வளவுதான். இப்போது பழங்கள் முழு ஆரஞ்சு நிறத்தில் தொங்குகின்றன. இலையில் வரி அப்படியே இருக்கிறது. இந்த ரகம் நாகமி என்ற நீள்பழக் கும்குவாட்டிலிருந்து வந்தது. அதனால் சுளை நல்ல புளிப்பு, இனிப்பு தோலில்தான். உரிக்காமல் முழுசாக மெல்ல வேண்டும். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "இது ஊறுகாய்க்குத்தான்டா" என்றார். சாப்பிடவே வேண்டும் என்பவர்கள் உருண்டையான மெய்வா ரகக் கும்குவாட் வாங்குங்கள். அழகுக்கு இதை மிஞ்ச முடியாது; தென் சீனாவில் புத்தாண்டுக்குக் கும்குவாட்டைப் பழத்தோடு தொட்டியில் வாங்கி வீட்டில் வைப்பது சும்மாவா!

பச்சைக் கிளையை அடியோடு வெட்டினேன். ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே வந்ததுதான், ஆனாலும் விட்டால் வேகமாக வளர்ந்து வரிக் கிளைகளை அமுக்கிவிடும். ஒட்டுக்குக் கீழே மூன்று இலையாகத் துளிர்த்தால் அது வேர்ச்செடி (ஒட்டுக் கட்ட அடியில் வைத்த வேறு செடி), உடனே கிள்ளிவிடுங்கள்.

தளிரில் பறவை எச்சம் போல ஒட்டியிருந்தவை எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். கையால் பொறுக்கினேன், மருந்து அடிக்கவில்லை.

விதை கேட்டவர்களுக்கு: விதையில் வரி வரும் என்று நம்ப முடியாது, ஒட்டுச் செடியே வாங்குங்கள்.