புரொப்பெல்லர் அடிபட்ட விமானத்தை விற்றேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நானே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தைச் சமீபத்தில் விற்றேன். லைக்கமிங் நிறுவனத்தின் ஓ-320 இன்ஜின், பிளேடுகளின் கோணத்தை மாற்ற முடியாத உலோகப் புரொப்பெல்லர். தரையில் மெதுவாக உருட்டிப் போகும்போது புல் மூடியிருந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. பிளேடு நுனிகள் மண்ணில் மோதி வளைந்தன, இன்ஜின் சட்டென்று நின்றது. இறக்கைக்கும் உடற்பகுதிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விளம்பரத்தின் முதல் வரியிலேயே "புரொப்பெல்லர் தரையில் மோதியது, இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும்" என்று போட்டேன். அதைக் கடைசியில் போடு, முதலில் ஆள் வரட்டும் என்றார்கள் நண்பர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லாக் புக்கை, அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்ததும் தெரியப்போகிற விஷயம். முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு நேராகப் போகும்.

வந்தவர்களில் ஒருவர், "வேற புரொப்பெல்லர் நான் கொண்டு வர்றேன். மாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க, நல்லா ஓடுச்சுன்னா இப்பவே பணம்" என்றார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். ஆனால் காரணம் இருக்கிறது. இந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டு) பின்முனையில் ஒரு பல்சக்கரம் உண்டு. ஒரே ஒரு போல்ட்டும் ஒரு சின்ன டவல் பின்னும்தான் (நழுவாமல் பிடிக்கும் உலோக முளை) அதைப் பிடித்திருக்கின்றன. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், ஆயில் பம்ப், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ எல்லாவற்றுக்கும் சுழற்சி அங்கிருந்துதான் போகிறது. ஓடுகிற இன்ஜின் திடீரென நின்றால் அந்த அடி போல்ட்டிலும் பின்னிலும் போய் விழும். அதன்பிறகும் தரையில் அது அழகாக ஓடிக் காட்டலாம். வானத்தில் அந்தப் பின் அறுந்தால் மொத்த சக்தியும் அந்த நொடியே போய்விடும். புரொப்பெல்லர் மாட்டும் முன்பக்கத் தட்டில் (ஃபிளாஞ்ச்) நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்தால் வளைவு தெரியும், உள்ளே இருக்கும் விரிசல் தெரியாது. அதற்குப் பிரித்து, காந்தத் துகள் சோதனை (பாகத்தைக் காந்தமாக்கி, இரும்புத் துகள் சேரும் இடத்தை வைத்து விரிசலைக் காண்பது) செய்ய வேண்டும். லைக்கமிங்கின் 533-ஆம் சர்வீஸ் புல்லட்டினும் (பராமரிப்பு அறிவிப்பு) பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறது. நல்ல சத்தத்தைக் கேட்டு நம்பி, ஒருவர் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் விற்பதற்கு முன் நானே இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்தேன். செலவுதான். ஆனால் பிரிக்காத இன்ஜினுக்கு, கிராங்க் ஷாஃப்டே போயிருக்கும் என்று வைத்துத்தான் எல்லாரும் விலை கேட்கிறார்கள். சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வாங்கியவர் அறிக்கையைப் படித்தார், கட்டும்போது எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பேரம் பெரிதாக இல்லை.

பதில்:
சார், நான் இப்படி ஒன்றை வாங்கியவன். எனக்குப் பிரிக்காத இன்ஜின்தான் பிடிக்கும். விற்பவர் தேர்ந்தெடுத்த பட்டறையை எனக்குத் தெரியாது. எனக்கு நம்பிக்கையான இடத்தில், நான் பக்கத்தில் நிற்கும்போது பிரிப்பதையே விரும்புவேன். நான் வாங்கிய விமானத்தில் மரப் புரொப்பெல்லர். அடிபட்டதும் சிதறிவிட்டது, அதனால் இன்ஜினுக்கு அதிர்ச்சி போயிருக்காது என்று விற்றவர் சாதித்தார். மரம் உடைந்தால் அடியின் வேகம் குறையலாம்தான், ஆனால் சோதனையைத் தவிர்க்க அது காரணம் ஆகாது. அப்புறம் ஒன்று: மரத்துக்குப் பதில் உலோகம் மாட்டினால் மூக்கில் எடை ஏறும். எடையும் ஈர்ப்பு மையமும் புதிதாகக் கணக்கிட வேண்டும். விற்பவர் பழைய எடைக் கணக்குத் தாளையே கொடுத்தால் வாங்காதீர்கள்.

பதில்:
இன்ஜின் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். ஆள் கிடைக்கும்வரை விமானத்தை அப்படியே மூலையில் நிறுத்திவிடாதீர்கள். லைக்கமிங்கில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து கேமில் துருப்பிடிக்கும். அடிபட்ட இன்ஜினை ஓட்டவும் கூடாது. அதனால் பாதுகாப்பு எண்ணெய் அடித்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் பிளக் போட்டு வையுங்கள். மோதலில் தப்பித்த இன்ஜின்கள் துருவால் வீணானதைப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன்.

பதில்:
நான் முழுதாக விற்கவில்லை. இன்ஜினை ஒருவருக்கும், கருவிகளை இன்னொருவருக்கும், இறக்கையும் உடலும் சேர்ந்த கூட்டை, புதிதாக விமானம் கட்டத் தொடங்கியிருந்த ஒரு பையனுக்கும் கொடுத்தேன். கட்டியவன் என்று என் பெயர் பொறித்த பிளேட்டோடு, யார் என்ன ரிப்பேர் செய்தார்கள் என்று தெரியாமல் அந்த விமானம் பறப்பதில் எனக்கு விருப்பமில்லை. பணம் குறைவாகத்தான் வந்தது, தூக்கம் நன்றாக வருகிறது.

முதல் பதிவர்:
பட்டறை பற்றிச் சொன்னது நியாயம். என்னிடம் வாங்கியவரும் அதையே கேட்டார். கழற்றிய போல்ட், பின், பழைய பேரிங் எல்லாவற்றையும் பட்டறையிலிருந்து திரும்ப வாங்கி, சீட்டு ஒட்டி அவரிடமே கொடுத்துவிட்டேன். நீங்களும் விற்பதாக இருந்தால், இன்ஜினைக் கொடுக்கும்போதே பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.