வியன்னா நடுவூரில் மதியச் சாப்பாடு: நின்றால் பத்து நிமிடம், உட்கார்ந்தால் ஒரு மணி நேரம்

வேலை விஷயமாக ஐந்து நாள் வியன்னா போய்வந்தேன். கூட்டம் நடந்த கட்டடம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் தேவாலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி. மதிய இடைவேளை 45 நிமிடம்தான். நான் சைவம், முட்டை மட்டும் உண்டு. போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன், உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

முதல் நாளே சொதப்பல். ஒரு சின்ன உணவகத்தின் வாசலில், கரும்பலகையில் ‘மிட்டாக்ஸ்மெனு’ என்று எழுதியிருந்தது. வார நாள்களில் மதியத்துக்கு மட்டும் ஒரு சூப்பும் ஒரு தட்டு உணவும் சேர்த்து ஒரே விலை. நம்ம ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி சட்டென்று வந்துவிடும் என்று உட்கார்ந்தேன். அன்றைய உணவு ‘ஐயர்நொக்கர்ல்’. பெயரிலேயே ஐயர் இருக்கிறாரே என்று தைரியம் வந்தது. (அங்கே ஐயர் என்றால் முட்டை. மாவு உருண்டைகளை முட்டையோடு சேர்த்துப் புரட்டி, பக்கத்தில் பச்சை இலை சாலட் வைப்பார்கள். நன்றாகவே இருக்கும்.)

வினை சூப்பில் இருந்தது. தெளிந்த ரசம் மாதிரி ஒரு திரவம், அதில் தோசையைச் சுருட்டி நறுக்கிப் போட்டதுபோல் மெல்லிய கீற்றுகள். கறி இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார் பரிமாறியவர். பொய் இல்லை, துண்டு எதுவும் இல்லைதான். பாதிக் கிண்ணம் காலியானபோது பக்கத்து மேசைப் பெண்மணி, “நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஃப்ரிட்டாட்டன் சூப்பின் கீற்றுகள் மாவு, பால், முட்டை. அவை மிதப்பது மாட்டிறைச்சி வேகவைத்த சாற்றில். கரண்டியைக் கீழே வைத்தவன் பிறகு எடுக்கவில்லை.

அப்புறம் பில். இருபது நிமிடம் காத்திருந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே கேட்காமல் பில் கொண்டுவந்தால் எழுந்து போ என்று விரட்டுவதுபோல் ஆகிவிடுமாம். “ட்ஸாலன், பிட்டெ” என்று நாமாகச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் சூப்பர்மார்க்கெட். உள்ளே இறைச்சியும் சீஸும் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஓர் அம்மா நிற்பார். “கேஸெஸெம்மல் மிட் குர்கர்ல்” என்றேன். ஸெம்மல் என்பது கைக்கு அடங்கும் உருண்டை ரொட்டி. மேலே ஐந்து கீறல் இருக்கும், சக்கரம்போல. அதைப் பிளந்து, சீஸை மெஷினில் சீவித் தராசில் வைத்துக் காட்டினார். தலையாட்டியதும் ஊறிய வெள்ளரியை நீளவாக்கில் அடுக்கி, தாளில் சுற்றி, விலைச்சீட்டை ஒட்டிக் கையில் கொடுத்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. புர்க்கார்ட்டன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள்தான் பொக்கிஷம். டொரோதியர்காஸெ தெருவில் ட்ஷெஸ்நியெவ்ஸ்கி, 1902 முதல் இருக்கும் கடை. கருப்பு ரொட்டியின் சின்னச் செவ்வகத் துண்டுகளில் விதவிதமான விழுது தடவி வைத்திருப்பார்கள். பலவற்றுக்கு அடிப்படை முட்டைதான். வாயால் சொல்ல வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். கடையின் விளம்பர வாசகமே ‘உச்சரிக்க முடியாத அளவு நல்ல ரொட்டி’ என்பதுதான், தங்கள் பெயரைத் தாங்களே கிண்டல் செய்கிறார்கள். நின்றபடி நாலு துண்டு, எட்டில் ஒரு பங்கு லிட்டர் பீர் (அதற்கு ‘ஃபிஃப்’ என்று தனிப்பெயர்). ‘ஷ்பெக்’ என்று எழுதியிருந்தால் சைவக்காரர்கள் ஒதுங்கிவிடுங்கள், அது பன்றி.

* * *

அண்ணா, பெயரை நம்பி மோசம் போனவன் நானும்தான். கேஸெ என்றால் சீஸ் என்று தெரிந்துகொண்டு, கூட வந்த சைவ நண்பனுக்கு ‘லேபர்கேஸெ’ வாங்கிக் கொடுக்கப் போனேன். நல்லவேளை, கடைக்காரர் தடுத்தார். லேபர் என்றால் ஈரல், கேஸெ என்றால் சீஸ். ஆனால் அதில் இரண்டும் கிடையாது! பன்றியையும் மாட்டையும் கூழாக அரைத்து, ரொட்டி மாதிரி அச்சில் சுட்டது. குதிரைக்கறியில் செய்வதும் உண்டு, கேட்டு வாங்குங்கள். கறி சாப்பிடுகிற எனக்கு அதுதான் தினசரி மதியச் சாப்பாடு: தடியாக ஒரு துண்டு, ஸெம்மலுக்குள், கடுகுச் சாந்தோடு.

அவசரத்துக்கு வூர்ஸ்டல்ஸ்டாண்டும் உண்டு, தெருமுனை சாசேஜ் கடை. ஆல்பர்டினா அருங்காட்சியகம் பக்கத்தில் இருப்பதில் ஓபரா பார்க்க வந்த கோட்டுசூட்டுக்காரரும் கட்டட வேலைக்காரரும் ஒரே பலகையில் சாய்ந்து தின்பார்கள். கேஸெக்ரைனர் என்ற சாசேஜுக்குள் சீஸ் உருகியிருக்கும். முதல் கடியில் பீய்ச்சி அடித்து என் வெள்ளைச் சட்டை போச்சு. முள்கரண்டியால் குத்திவிட்டு அரை நிமிடம் பொறுங்கள்.

இன்னொன்று: வாங்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறி ரயிலுக்குள் பிரிக்காதீர்கள். 2019 ஜனவரி முதல் எல்லா யு-பான் தடங்களிலும் சாப்பிடத் தடை. எனக்குத் தெரியாது. எதிரே இருந்த பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, ஜன்னல் ஸ்டிக்கரை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார்.

* * *

தம்பிமார், நாங்கள் குடும்பமாக சூரிச்சில் இருந்து போனனாங்கள். இரண்டு நாள் பாணும் சீஸும் தின்ற பிறகு பிள்ளைகள் சோறு சோறு என்று ஒரே அழுகை. ஷொட்டன்டோர் பக்கம் ‘வீனர் டீவான்’ என்று ஒரு பாகிஸ்தான் சாப்பாட்டுக்கடை இருக்கு. சைவக் கறி, இறைச்சிக் கறி, சோறு எல்லாம் நாங்களே போட்டுச் சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு விலை இல்லை, விரும்பினதைக் குடுக்கலாம். குடிக்கிறதுக்கு மட்டும்தான் விலை. வரிசையும் கெதியாய் நகரும். ஆனால் காசு குடுக்கிற இடத்திலதான் சங்கடம். குறையக் குடுத்தால் வெட்கம், கூடக் குடுத்தால் இவர் வீட்டுக்கு வந்து கதைப்பார். கடைசியில் பக்கத்தில் நின்ற மாணவன் வைத்ததை எட்டிப் பார்த்து, அதுக்கு மேல இரண்டு யூரோ ஆளுக்கு வைத்தன்.

நாஷ்மார்க்ட் சந்தையில் கவனம். ருசி பாருங்கோ என்று ஒலிவ்காயை நீட்டுவினம். “சின்னது” என்று நான் சொன்னதும் ஒரு கடைக்காரர் பெட்டியை அமத்தி அமத்தி நிரப்பி நிறுத்தார், 14 யூரோ. வேண்டாம் என்று சொல்ல வாய் வரேல்லை.

தண்ணிப் போத்தல் வாங்கத் தேவையில்லை. 1873 தொடக்கம் மலை ஊற்றுத் தண்ணிதான் குழாயில் வருது.

* * *

அக்கா, நன்றி. டீவான் தெரிந்திருந்தால் முதல் நாளே தப்பித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் கவனியுங்கள்: சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை போல ஒரு சிலதான் திறந்திருக்கும். நான் சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு ஸெம்மல் வாங்கி வைத்தேன். காலையில் பார்த்தால் இரண்டும் கல். காபியில் முக்கித்தான் தின்றேன்.